கோட்டோரத்தில் உங்கள் தங்கை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆடை ஆலைப் பெண்களின் கால்பந்து அணிக்கு அவள் பயிற்சியாளர் என்பது உங்களுக்குத் தெரியும். விசில் ஊதுவாள், ஓடச் சொல்வாள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பால்காரரிடம்கூட அதிர்ந்து பேசாதவள் அல்லவா? முப்பத்திரண்டு வருடம் நூலகத்தில் "சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே ஓய்வு பெற்ற நான், முதன்முதலாக ஆட்டம் பார்க்கப் போய், மெனக்கெட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். எதிரணி அச்சகத்துப் பெண்கள். அவர்களுடைய பயிற்சியாளர் கழுத்துவரை பொத்தான் போட்டவர். எதிரணி கோல் போட்டாலும் கைதட்டும் கண்ணியவான். ஆட்டம் தொடங்கியதுதான் தாமதம், நம்மவள் கோட்டோரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு அவரைப் பார்த்துக் கத்தினாள்: "சார், உங்க கோல்கீப்பர் எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கா! வாசல்லயே நிப்பா, வர்றதையெல்லாம் உள்ள விட்டுடுவா!"

மைதானமே சிரித்தது. அதோடு விட்டாளா? "உங்க டிஃபென்ஸும் அவர் மாதிரிதான் சார்! கூப்பிட்டா திரும்பறதுக்கே பத்து நிமிஷம் ஆகும்!" ஒவ்வொன்றுக்கும் அவள் என்னைக் கைகாட்ட, கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது, மச்சான். ஐஸ்கிரீம்காரர் பரிதாபப்பட்டு ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். அதையும் சாப்பிட்டேன், வேறென்ன செய்வது? கோல்கீப்பர் பெண் சிரித்துச் சிரித்தே மூன்று கோல் விட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் அந்தக் கண்ணியவான் வந்தார். "ஏம்மா, கோச்சுன்னா ஒரு மரியாதை வேணாமா? எதிர் டீமைக் கேலி பண்ணலாமா?"

"உங்க பொண்ணுங்களையா சார் சொன்னேன்? என் புருஷனைத்தானே சொன்னேன்?" என்கிறாள் உங்கள் தங்கை!

அவர் சற்று யோசித்துவிட்டு, துக்கம் விசாரிப்பதுபோல் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். ஆனாலும் போட்டிக் குழுவில் புகார் கொடுத்துவிட்டார். இன்னொரு முறை எதிரணியைக் கேலி செய்தால் பதவி போய்விடுமாம். அவள் பதவியும் என் மானமும் மிஞ்ச வேண்டுமென்றால், அண்ணன் என்ற முறையில் நீங்கள் நேரில் வந்து ஓர் அதட்டு அதட்ட வேண்டும். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அவர்கள் யாரும் கால்பந்துப் பக்கம் போகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாப்பிள்ளை

பி.கு: தபால்தலை தேடியதில் ஒரு வாரம் ஓடிவிட்டது. இன்று அதே அச்சகத்தோடு மறு ஆட்டம். நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் அவள் வாயே திறக்கவில்லை. எதிரணி கோலுக்குக் கைகூடத் தட்டினாள். ஐந்து கோல் வாங்கித் தோற்றோம். ஐந்தாவது விழுந்ததும் அந்தக் கண்ணியவான் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, "என்னம்மா, இன்னிக்கு வீட்டுக்காரர் உங்க டீம்ல ஆடறாரா?" என்றார். அவள் தலை குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் நான் இடத்தைவிட்டு எழுந்துவிட்டேன். பிறகு நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. போட்டிக் குழு எழுதிக் கொடுத்திருக்கிறது, இரண்டு பக்கம். மூன்று ஆட்டங்களுக்கு நான் மைதானத்துக்குள் நுழையக்கூடாதாம். ஆகவே அவளை அதட்ட வேண்டாம். வருவதானால் உயரமான முக்காலி ஒன்று கொண்டு வாருங்கள். வேலிக்கு வெளியே நின்றாலும், என்னைக் கைகாட்டிக் கேலி செய்ய அவள் கண்ணுக்கு நான் தெரிய வேண்டும்.