மங்கு விசாரணை

ஒரு பெண்ணின் கன்னத்துக்காக ஒரு தெருவே கூடிச் சிந்தித்த பெருமை, உலகத்தில் இஸ்ஃபாரா நகரின் கீழைத்தெரு ஒன்றுக்குத்தான் உண்டு.

அந்தக் கன்னம் மவ்ஜூதாவுடையது. பிள்ளை பெற்ற பிறகு இரண்டு பக்கமும் மங்கு படர்ந்திருந்தது. ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கும் கணவன் கைபேசியில் பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னான். மாமியார் சவ்ரிநிசோ தயிர் பூசினாள், வெள்ளரி தேய்த்தாள், கடைசியில் சந்தையில் விற்ற பெயரில்லாத களிம்பையும் தடவினாள். தோல் உரிந்தது, மங்கு முன்னிலும் கறுத்தது. களிம்பு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

சவ்ரிநிசோவின் இளைய மகனுக்குக் கல்யாணம் நெருங்கியதால் விவகாரம் தெருக்குழுவுக்குப் போனது. வாசலில் ரொட்டி ஏந்திச் சம்பந்திகளை வரவேற்க வேண்டியவள் மூத்த மருமகள் அல்லவா?

குழு திராட்சைப் பந்தலின் குளிர்ந்த நிழலில் அமர்ந்தது. மவ்ஜூதா தேநீர்க் கெண்டியுடன் முறைப்படி பந்தலுக்கு வெளியே, வெயிலில் நின்றாள். திமிர்தான் காரணம் என்றார் தலைவர் துர்சுன்போய். கண்ணேறு என்றார் ஒருவர். கைபேசி வெளிச்சம் என்றார் இன்னொருவர், தன் கைபேசியிலிருந்து தலை நிமிராமல். 'ஆய்வு' முழுமை பெற மருத்துவர் ஃபிரூஸாவையும் வரவழைத்தார்கள்.

"கர்ப்பத்துல வந்த மங்கு. வெயில்தான் அதை வளர்க்குது. நிழல்ல இருக்கட்டும், அகலத் தொப்பி போடட்டும், வெயிலைத் தடுக்கிற களிம்பு பூசட்டும். மெதுவாத்தான் மங்கும்."

"நிழல்லயா? மாடியில ஆப்ரிகாட் காயுதே, யாரு திருப்பிப் போடறது?" என்றாள் சவ்ரிநிசோ.

வெயில் நிறத்தைக் கெடுக்கும் என்ற அறிவியல் உண்மை குழுவை உலுக்கியது. உடனே ஏகமனதாக முடிவெடுத்தார்கள். மறுநாளே மாடியில் வெள்ளைத்துணிக் கூடாரம் எழுந்தது, பழத்தட்டுகளுக்கு மேலே, முழங்கால் உயரத்தில். பழம் கறுத்தால் விலை போகாது. மவ்ஜூதா வெயிலில் குனிந்து, நிழலுக்குள் கைவிட்டுப் பழங்களைத் திருப்பினாள்.

மருமகளைப் பற்றியும் கருணையோடு தீர்மானம் நிறைவேறியது: முகம் தேறும்வரை அவள் தாய்வீட்டில் ஓய்வெடுக்கலாம். பழம் காய்ந்து முடிந்த பிறகு. குழந்தை இங்கேயே இருக்கும்.

அன்று மதியம் மவ்ஜூதா நாலு தட்டுகளை வெளியே இழுத்து வெயிலில் வைத்தாள். குழந்தையோடு கூடாரத்துக்குள் தவழ்ந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

சவ்ரிநிசோ ஏணியில் ஏறிவந்து பார்த்தாள். "மருமகளே, உள்ள என்னடி பண்றே?"

"நிறம் மாறாம காயறேன் அத்தை."

"பழம் கறுத்துப் போகுதுடி."

"தாய்வீட்டுக்கு அனுப்பிடுங்க. தேறின பிறகு வரட்டும்."

செய்தி கேட்டுக் குழு அவசரமாகப் பந்தலுக்கடியில் கூடியது. விசாரணைக்குரிய குற்றம், நிழல் திருட்டு. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காலிக் கிண்ணத்தை வழக்கம்போல் வெயில் பக்கமாக நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

தேநீர் ஊற்ற ஆளில்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.