மல்லாட்டையும் மாமாவின் ஈசிஜியும்

நர்சிங் விடுதி,
திருவண்ணாமலை.

பாசமும் மரியாதையும் மிக்க வேடியப்பன் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகள் கீர்த்தனா, நர்சிங் இரண்டாம் ஆண்டு, பணிவோடு எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் அத்தையும் கறவை மாடும் நலமா என்று அறிய ஆவல். உங்கள் போன் எப்போதும் போல அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அணைந்து கிடப்பதால் இந்தக் கடிதம். கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டும் வேணு அண்ணன் கொண்டுவந்து தருவார்.

முதலில் நல்ல செய்தி. போன வாரம் எங்கள் பயிற்சிக்கூடத்தில் நான் பழகுவதற்காக உங்களைப் படுக்க வைத்து எடுத்த ஈசிஜியை முழுக்கப் படித்துவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை. வருகிற பௌர்ணமிக்குத் தாராளமாகக் கிரிவலம் போகலாம். "நீ இன்னா பெரிய டாக்டரா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. டாக்டர் வாயாலேயே கற்ற பாடம் மாமா இது.

போன மாதம் வார்டில் அடி அண்ணாமலை இராமலிங்கம் பெரியவரின் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவரை ஒழுங்காக ஓடிய கோடு திடீரென்று மேடும் பள்ளமுமாகத் துள்ள, உயிருக்கு ஆபத்து என்று புத்தகத்தில் போட்டிருந்த துடிப்பு இதுதான் என்று நான் கத்த, சிஸ்டர் அவசர மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவர, டாக்டர் டீ டம்ளரோடு ஓடிவர, பெரியவர் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்து, "யாருக்கு இன்னாமா ஆச்சு?" என்று எங்களையே கேட்டார். போர்வையை விலக்கினால் மடி நிறைய வேர்க்கடலைத் தோல். வீட்டம்மா சரசு ஒளித்துக் கொடுத்த மல்லாட்டையை உள்ளேயே உரித்துத் தின்றிருக்கிறார். கை ஆடிய ஆட்டம்தான் மானிட்டரில் தெரிந்திருக்கிறது. "கோட்டப் பாக்கறதுக்கு முன்னாடி ஆளப் பாருமா" என்று சொல்லிவிட்டு டாக்டரும் ஒரு கை மல்லாட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து என்னை ஏமாற்ற முடியாது. உங்கள் ஈசிஜியிலும் கோடு நடுங்குகிறது. நடுவில் வரும் கூர்முனைகளும் நம் ஊர் பஸ் மாதிரி, ஒன்று உடனே வருகிறது, அடுத்தது எப்போது வருமென்று தெரியவில்லை. "நமக்குப் பாடம் எடுக்கிற மேடம்கிட்ட காட்டிடலாம்டி" என்றாள் என் தோழி இனியா. நான் சிரித்தேன். வேட்டி மடிப்பில் எந்நேரமும் மல்லாட்டை வைத்திருக்கும் மனிதரை எனக்குத் தெரியாதா? நான் ஒயரை மாட்டிவிட்டுத் திரும்பிய நேரத்தில் உரித்திருக்கிறீர்கள். படியேறும்போது மூச்சு வாங்குவதாகச் சொன்னீர்களே, அது அத்தை செய்யும் களியின் வேலை. கொஞ்சம் கம்மியாகச் சாப்பிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். அண்ணாமலையார் அருளால் உங்கள் இதயம் நூறாண்டு ஓடும் என்று தன் படிப்பை நம்பி உறுதி கூறும்

உங்கள் மருமகள்,
கீர்த்தனா

பி.கு.: கிரிவலம் வேண்டாம் மாமா. வேணு அண்ணன் வரத் தாமதமானதால், இனியா நச்சரித்தாளே என்று ஈசிஜியை மேடத்திடம் காட்டினேன். "கை ஆடினா கோடுதான் நடுங்கும். துடிப்புக்கு நடுவுல இருக்கிற இடைவெளி மாறாது. இது இதயமே தாறுமாறா துடிக்குது. வைத்தியம் இருக்கு, ஆனா இன்னிக்கே டாக்டர் பாக்கணும்" என்றார். அப்புறம்தான் நினைவு வந்தது. அன்று நீங்கள் இரண்டு கையாலும் கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். ஆளைப் பார்க்க நான்தான் மறந்துவிட்டேன். வேறு கடிதம் எழுத நேரமில்லை. மேலே உள்ளது எதையும் நம்பாமல், வேணு அண்ணன் வந்த வேனிலேயே ஏறி வந்துவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன். வழியெல்லாம் மல்லாட்டை உரித்துக்கொண்டே வாருங்கள், ஒன்றும் சொல்ல மாட்டேன்.