பத்தேகால் மணிச் சாப்பாடு

எனக்கு நன்றாகப் படம் வரைய வரும் என்று சின்ன வயதில் யாரோ சொல்லிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன். அதனால் நடந்த விபத்துகளில் ஆகப் பெரியது, திருவனந்தபுரத்தில் நான் டீச்சரான முதல் வருடத்தில், அதிகாரி ஆய்வுக்கு வந்த அன்று நடந்தது.

பழவங்காடிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளி. எனக்கு மூன்றாம் வகுப்பு, இருபத்தேழு பிள்ளைகள். அதில் ஒருத்தி கோமதி. ஆட்டிசம் உள்ள குழந்தை. பள்ளியில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். சில நாள் கேட் வரைக்கும் ஓடிவிடுவாள். அவள் அப்பா தம்பானூரில் ஓர் ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். ஒருநாள் கையில் ஒட்டிய மாவோடு ஓடி வந்தார்.

"ஸ்பெஷல் ஸ்கூல்ல போடச் சொல்லுதாவ டீச்சர். ரெண்டு பஸ் மாறணும். யாரு கூட்டிட்டுப் போவா? வீட்டுலதான் கெடப்பா" என்றார்.

அன்றே கங்கணம் கட்டிக்கொண்டேன். பயிற்சியில் சொல்லித் தந்தபடி அன்றைய வேலைகளைப் படம் போட்டு அட்டைகளாக்கி வரிசையாக ஒட்டினேன்: பிரார்த்தனை, தமிழ், கணக்கு, சாப்பாடு, விளையாட்டு. ஒன்று முடிந்ததும் கோமதி வந்து அந்த அட்டையைத் திருப்பிப் போடுவாள். அடுத்த படம் எதுவோ, அதுதான் அடுத்த வேலை. மற்றவர்களும் செய்தால்தான் அவளும் செய்தாள். ஆகவே வகுப்புக்கே அதைச் சட்டமாக்கினேன். "போர்டு என்ன சொல்லுதோ அதுதான்! நானே மாத்திச் சொன்னாலும் கேக்காதீங்க!" என்று தினமும் முழங்கினேன். (இதை மறந்துவிடாதீர்கள். பிள்ளைகள் மறக்கவில்லை.) மூன்றே மாதத்தில் அலறல் பாதியாகக் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் கல்வி அதிகாரி வகுப்பைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சரே, சார் இருக்கும்போ அந்தக் குட்டி ஓடிச்சுன்னா பின்ன என்னால ஒண்ணும் பேச முடியாது, கேட்டோ? வேற ஸ்கூல் பாத்துக்கோன்னு அவ அப்பாகிட்ட சொல்லத்தான் வேணும்."

முந்தின நாள் சாயங்காலம், பழைய அட்டைகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வரைந்தேன். தமிழ் அட்டை சுமார். கணக்கு அட்டையில் எட்டு படுத்துத் தூங்கியது. ஆனால் சாப்பாட்டு அட்டை! சோற்றில் ஆவி, பருப்பில் கறிவேப்பிலை, ஓரத்தில் பொரித்த பப்படம். நானே ஐந்து நிமிடம் ரசித்தேன். அதை அதன் இடத்தில், நான்காவதாக ஒட்டினால் திறந்த கதவு மறைத்தது. அதிகாரியின் நாற்காலியிலிருந்து பளிச்சென்று தெரிந்தது இரண்டாம் இடம். அங்கே ஒட்டினேன். வரிசைதான் பிள்ளைகளுக்கு மனப்பாடமாயிற்றே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரியும் ஹெட்மிஸ்ட்ரஸும் வந்து உட்கார்ந்தார்கள். பிரார்த்தனை முடிந்தது. கோமதி சமத்தாக எழுந்து வந்து அட்டையைத் திருப்பினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த படத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து தட்டை எடுத்தாள்.

இருபத்தாறு தட்டுகள் தொடர்ந்து வெளியே வந்தன.

"ஏய், ஏய்! இப்போ தமிழ்!" என்றேன்.

முன் வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், நீங்க சொன்னாலும் கேக்கக் கூடாதுல்லா?" என்றாள்.

சாப்பாட்டுக்கு ஜோடி ஜோடியாகக் கைபிடித்துப் போவது எங்கள் வழக்கம். கோமதிக்கு ஜோடி வாய்க்கவில்லை. சுற்றிப் பார்த்தாள். நேராகப் போய் அதிகாரியின் கையைப் பிடித்தாள். அவரும் எழுந்து நடந்தார். குழாயடியில் வரிசையில் நின்று கை கழுவினார். ஹெட்மிஸ்ட்ரஸின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கஞ்சிப்புரையில் (பள்ளிச் சமையலறைக்கு இங்கே அதுதான் பெயர்) சமையல்கார சேச்சி அலறினார். "அய்யோ டீச்சரே! நான் இப்பத்தான் அரிசி களையறேன்! என்ன இது, சாரும் வந்திருக்காரு?"

சோறு இல்லை. கோமதியின் கைகள் காதை நோக்கிப் போயின. எனக்கு உயிரே போய்விட்டது. 'இன்று ஒரு மாற்றம்' என்று அவளுக்குக் காட்ட ஒரு கோணல் அம்புக்குறி அட்டை இருந்தது. அழகாயில்லை என்று நேற்று அதையும் கழற்றிப் போட்டிருந்தேன். பட்டுச்சேலையோடு தரையில் மண்டியிட்டேன். கையிலிருந்த சாக்பீஸால் ஒரு தட்டு வரைந்து, அடித்து, கோணல் அம்பு போட்டு, ஒரு புத்தகம் வரைந்தேன். என் வாழ்நாளில் அதைவிட மோசமாக நான் வரைந்ததில்லை.

கோமதி குனிந்து பார்த்தாள். கைகள் மெல்ல இறங்கின. என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்:

"டீச்சர் தப்பு."

பள்ளியில் அவள் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தன. தட்டை இடுக்கிக்கொண்டு, அதிகாரியின் கையை விடாமல், அவள் வகுப்புக்குத் திரும்பி நடந்தாள். பின்னால் மொத்த வகுப்பும் நடந்தது.

வாசலில் அதிகாரி ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்து, "ஓடற குட்டின்னல்லே சொன்னீங்க? இவ எங்க ஓடினா? எல்லாரையும் கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கொண்டுவந்துட்டா. சப்போர்ட் வேண்டியது டீச்சருக்குத்தான்!" என்று சிரித்தார். குழந்தை இங்கேயே தொடரலாம் என்று எழுதியும் கொடுத்தார்.

சாயங்காலம் தம்பானூருக்கு ஓடினேன். "எம்புள்ள பேசிச்சா? என்ன சொல்லிச்சு?" என்று அவள் அப்பா அடுப்பை விட்டு இறங்கி வந்தார். சொன்னேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்.

கோமதி அதே பள்ளியில் இப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டிலோ, குழம்பில் உப்பு கூடினால் கணவர், "டீச்சர் தப்பு" என்பார். செருப்பைக் கால் மாற்றி நான் போட்டுவிட்டால் என் நான்கு வயது மகளும் அதையே சொல்கிறாள். வேறு எதைச் சொல்லிக் கிண்டல் செய்தாலும் எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். இதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பேன்.