டிரம்மு அண்ணன் ஊறப் போட்ட எள்

ஆம்பூர் வட்டாரத்திலேயே எள்ளைக் குளிப்பாட்டிக் கொன்ற ஒரே மனிதர் எங்கள் டிரம்மு அண்ணன்தான். தோல் பதனிடும் டேனரியில் காலமெல்லாம் தோல் புரட்டும் டிரம் ஓட்டியவர் என்பதால் அந்தப் பெயர். உப்புத் தோலை ஊறப்போட்டு ஊறப்போட்டு, உலகத்தில் எதுவும் ஊறினால்தான் உருப்படும் என்று முடிவுகட்டியிருந்தார். பொறை ரொட்டியைக்கூட டீயில் கரைத்துத்தான் குடிப்பார்.

வேலையை விட்டதும் எள் விதைத்தார், என் நிலத்துக்குப் பக்கத்திலேயே. இரண்டு பேருக்கும் ஒரே கிணறு. என் தலையெழுத்து, வேறென்ன?

எள் அதிகம் தண்ணீர் கேட்காத பயிர். பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் நனைத்தால் போதும். இவரோ கரண்ட் வந்தாலே மோட்டார் போடுவார். தண்ணீர் தேங்கி, வேர் மூச்சு முட்டிச் செடி மஞ்சளானது.

"பசியில கெடக்குதும்மா" என்று யூரியாவை அள்ளி வீசினார்.

"பசி இல்லண்ணா, தண்ணி ஜாஸ்தி. கொஞ்சம் காயவுடுங்க."

"காஞ்சா வெறச்சுக்கும்மா!"

"அது தோலுண்ணா. இது எள்ளு!"

"இன்னா பெரிய வித்தியாசம்?"

யூரியா தின்ற செடி ஆளுயரம் வளர்ந்தது. எங்கு பார்த்தாலும் இலை. காயைத் தேட வேண்டியிருந்தது. ஒரு காற்றுக்கு மொத்தமும் படுத்துக்கொண்டது.

அதே நேரத்தில் என் எள் பூத்து நின்றது. எங்கள் வீட்டு வருஷத்து எண்ணெய் முழுக்க அந்த ஒரு தண்ணீரை நம்பியிருந்தது. கிணற்றிலோ தவளைகள்தான் இருந்தன. கத்தினேன். தொண்டை போனதுதான் மிச்சம். அவர் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார், முகம் வாடிவிட்டது.

மறுநாள் நான் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்தால், என் நிலம் ஏரியாகக் கிடக்கிறது. கிணறு ஊற ஊறக் காத்திருந்து, பகல் முழுக்க இறைத்திருக்கிறார். வரப்பில் காலி யூரியா மூட்டை.

"உன்னுதுக்கும் போட்டுட்டேம்மா!" முகமெல்லாம் சிரிப்பு.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பூவெல்லாம் கொட்டியது. அந்த வருஷம் இரண்டு வீட்டுக்கும் கடை எண்ணெய்தான்.

இப்போது அண்ணன் திருப்பத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் நிலம் சும்மா கிடக்கிறது. கிணறு முழுக்க எனக்கு. எள் காய்த்துத் தள்ளுகிறது. நேற்று போன் செய்தார்.

"தண்ணி வுட்டியாம்மா?"

காய் முற்றும் நேரம், ஒரு சொட்டுகூட விடக்கூடாது.

"வுட்டுட்டேண்ணா."

"நல்லா ஊறட்டும்."

போனை வைத்ததும் மோட்டாரைப் போட்டு, அவருடைய வெறும் நிலத்துக்கு மடையைத் திறந்துவிட்டேன். அந்த மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.