அசனத்துப் பறங்கிக்காய்

ரேஷன் கடை வாசலில் ஊரே நின்றுகொண்டிருந்த அறுபத்தைந்தாம் வருஷம், நாட்டின் உணவுப் பஞ்சத்தைத் தீர்த்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். நாடு பெரியது. அதனால் பாலக்கரையில் எங்கள் தெருவிலிருந்து ஆரம்பித்தேன்.

எங்கள் மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாளில் அசனம் உண்டு. கோயில் வாசலில் அடுப்பு மூட்டி, தெருவே சேர்ந்து சமைத்து, தெருவே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். அதற்கான கூட்டத்தில் எழுந்து நின்றேன். "இந்த வருஷம் கடைக்காய் ஒண்ணுகூட அண்டாவுல விழக்கூடாது. அவங்கவங்க கொல்லையில விளைஞ்சதைத்தான் சமைக்கணும்" என்றேன். கைதட்டினார்கள். கைதட்டல் என் உடம்புக்கு ஆகாது. உடனே இன்னும் கொஞ்சம் பேசிவிடுவேன். "காய் கொடுக்காத வீட்டு ஆம்பளை அசனத்து அண்டாவையெல்லாம் கழுவணும்" என்று ஒரு விதியையும் சேர்த்தேன்.

அந்த விதி பக்கத்து வீட்டு தைரியராஜுக்காகச் செய்தது. ரயில்வே ஆபீசில் எனக்கு மேல் உத்தியோகம் அவருக்கு. அவர் கொல்லையில் சைக்கிளைத் தவிர வேறெதுவும் நின்று நான் பார்த்ததில்லை. அவர் கை கரியாவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

வீட்டுக்கு வந்தால் மனைவி காத்திருந்தாள். வியாகுலம்மாள். பெயர் அவளுக்கு, வியாகுலம் எனக்கு.

"கூட்டத்துல என்ன பேசினீங்க?"

"கத்தரி, வெண்டை, தக்காளி மூணும் நம்ம கொல்லைல போடப்போறேன்னு."

"தண்ணி யாரு எறைக்கிறது?"

"நான்தான்."

"யாரு?"

"நான்தான் வியாகுலம்."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது.

முதல் வாரம் இறைத்தேன். எங்கள் கிணறு ஆழம். இரண்டாவது வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாவது வாரம் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டன. அப்புறம் யார் வீட்டு ஆடோ வந்து என் கவலையைத் தின்றுவிட்டுப் போயிற்று. "ஒரு தடவை கொல்லைப் பக்கம் வந்துதான் பாருங்களேன்" என்று வியாகுலம் நடுநடுவே கூப்பிட்டாள். பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று நான் போகவில்லை.

அசனத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. சாயங்காலத்துக்குள் காய்களைக் கோயிலில் சேர்க்க வேண்டும். தைரியராஜ் கூடை நிறைய அவரைக்காயைத் தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகவே போனார். அந்த சைக்கிளுக்குப் பின்னால் பந்தல் இருந்திருக்கிறது. நான் செய்த விதியில் நானே மாட்டி, தெரு பார்க்க அண்டா கழுவுவதா? ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"ஆபீஸ்ல ஒரு பைல் பாக்கி."

"பைலைச் சாக்குல போட்டா தூக்கிட்டு வருவீங்க?"

"பெரிய பைல்."

"சரி, பாத்துப் போயிட்டு வாங்க."

காந்தி மார்க்கெட்டுக்குப் போனால் தெரு ஆட்கள் கண்ணில் படுவேன். அதனால் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலத்தருகே கூடை வைத்து விற்கும் காளியாயியிடம் போனேன்.

"பறங்கிக்காய் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குங்கய்யா." தனியாக மூடி வைத்திருந்ததை எடுத்து வெளியே வைத்தாள். குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

"இவ்வளவு பெரிசு வேண்டாம். அந்த வெள்ளைப் பூசணி?"

"அது உங்களுக்குச் சரிப்படாதுங்க. இதையே கொண்டுபோங்க. உங்களுக்குன்னே வெச்ச மாதிரி இருக்கு."

வியாபார சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் சாமர்த்தியத்தையும் காட்டினேன். காயைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணை எடுத்து அதன்மேல் முழுவதும் அப்பினேன். கொல்லையில் விளைந்த காய் என்றால் மண் இருக்க வேண்டுமே.

கோயில் வாசலில் பங்குச் சாமியாரே நின்று காய்களை வாங்கிக்கொண்டிருந்தார்.

"உன் கொல்லையில காய்ச்சதா அருள்நாதா?"

"ஆமாங்க சாமி. எங்க கொல்லைதான்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மறுநாள் ஞாபகம் வந்தது. விடிந்தால் திருவிழாப் பூசை. சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வேண்டும். மாதா கோயில் வாசலில் நின்று சாமியார் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்யோடு எப்படிப் போய் நாக்கை நீட்டுவது? போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று வியாகுலம் கேட்பாள். அதற்கு இன்னொரு பொய் வேண்டும். அதைவிடச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுவது சுலபம் என்று அன்று சாயங்காலமே வரிசையில், முக்காடு போட்ட யாரோ ஒரு பெண்ணுக்குப் பின்னால் நின்றேன்.

"பொய் சொல்லிட்டேன் சாமி."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

சாமியார் உட்கார்ந்திருந்த மரக் கிராதிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது.

"பறங்கிக்காயா?"

"ஆமாங்க."

"ஒரு ஜெபமாலை சொல்லு. நாளைக்கு அசனம் முடிஞ்சதும் அண்டாவையெல்லாம் கழுவிடு. நீ போட்ட விதிதானேப்பா."

வெளியே வந்தேன். கோயில் கிணற்றடியில் வியாகுலம் தனியாக உட்கார்ந்து என் பறங்கிக்காயைக் கழுவிக்கொண்டிருந்தாள். மண் போன இடத்தில், காம்புக்குப் பக்கத்தில், தழும்பேறிய ஒரு சிலுவை தெரிந்தது.

"இது என்ன?"

"பிஞ்சா இருக்கும்போதே நகத்தால கீறி அசனத்துக்கு நேர்ந்து விட்டேங்க. காய் பெருக்கப் பெருக்கச் சிலுவையும் பெருத்துடுச்சு."

"எந்தக் காய்?"

"நம்ம காய்தாங்க. பாத்திரம் கழுவுற தண்ணியிலேயே கொடி வளந்து விறகுக் கொட்டகை மேல ஏறிடுச்சு. காய்க்கு அடியில சும்மாடு வெச்சு வளத்தேன். வந்து பாருங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்?"

"அது எப்படி காளியாயிகிட்ட போச்சு?"

"நான்தான் காலையில கொடுத்துட்டு வந்தேன். கடைசி நேரத்துல நீங்க காய் வாங்கத்தான் போவீங்க. மார்க்கெட்டுக்குப் போகக் கூச்சப்பட்டு அவகிட்டதான் போவீங்க. கடைக்காய் அசனத்துல விழக்கூடாதில்ல? நீங்கதானே மீட்டிங்ல பேசினீங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. நான் பொய்யே சொல்லவில்லை. என் கொல்லைக் காய். நெஞ்சில் கிடந்த கல் இறங்கிற்று. ஓடிப்போய் மறுபடி கிராதியருகே முழங்கால் போட்டேன்.

"சாமி, நான் சொன்னது நிஜமாம்."

"பொய்னு நெனச்சுத்தானே சொன்னே?"

"ஆமாங்க."

"அப்ப கழுவு."

மறுநாள் அசனம் அமர்க்களப்பட்டது. ரேஷன் அரிசிதான். ஆனால் கத்தரி ஒரு வீடு, அவரை ஒரு வீடு, வாழைக்காய் ஒரு வீடு, பறங்கி என் வீடு. அப்படி ஒரு சாம்பாரை நான் சாப்பிட்டதில்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பந்தி முழுக்க எங்கள் பறங்கிக்காயைப் பற்றித்தான் பேச்சு. காலையில் நிம்மதியாக நன்மையும் வாங்கியாயிற்று. அண்டா ஒன்றுதான் பாக்கி.

சாம்பலும் தேங்காய் நாருமாக அண்டாவுக்குள் தலையை விட்டிருந்தபோது தைரியராஜ் வந்து நின்றார்.

"என்ன சார் இது? இருக்கிறதுலயே பெரிய காய் நீங்க கொடுத்தது. நீங்க போய் அண்டா கழுவுறீங்களே."

ஏன் என்று சொல்ல முடியுமா? அண்டாவின் அடியை இன்னும் பலமாகத் தேய்த்தேன். வியாகுலம்தான் பதில் சொன்னாள்.

"அவரு மனசே அப்படித்தாங்க. இனிமே வருஷா வருஷம் அசனத்து அண்டா அவரு பொறுப்புன்னு சாமியார்கிட்டயும் நேத்தே சொல்லிட்டேன்."

தைரியராஜ் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அண்டாவிலிருந்து தலையை வெளியே எடுத்தேன்.

"சாமியார்கிட்ட எப்படி நேத்தே சொன்னே? அண்டா கழுவணும்னு எனக்கே நேத்து சாயங்காலம்தானே தெரியும்?"

"பாவசங்கீர்த்தன வரிசையில முக்காடு போட்டுக்கிட்டு உங்களுக்கு முன்னாடி நின்னது யாருங்க?"