பீடத்துக்கு முன்னால் ஒரு மேசை

இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் போதகர் தன் வீட்டில்தான் மதியச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று ஜெபதாஸ் முடிவு செய்தார். முடிவு செய்ததோடு நிற்காமல் போதகரிடம் நேரில் போய்ச் சொல்லியும் விட்டார். மூச்சு விடாமல் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அதற்கடுத்த முடிவு இன்னும் பெரியது. அன்றைக்குத் தேக்கு மேசையின் மேல் கிடக்கும் போர்வையை எடுத்துவிடுவது.

மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜெபதாஸுக்கு வாலாஜாபாத் நெல் மண்டியில் எடை போடும் வேலை. ஒரு பிடி நெல் கூடக்குறைய விடமாட்டார். அங்கே ஒரு பழைய பங்களாவை இடித்தபோது அதன் வாசல் கதவை வாங்கி வண்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தார். அப்பாவு ஆசாரி அதை அறுத்து, இழைத்து, ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும்படி மேசையாக்கி, இரண்டு பெஞ்சும் செய்து கொடுத்தார். ஆறு பேர் உட்கார்ந்தார்களா என்றால் இல்லை. மேசை வந்த அன்றே ஜெபதாஸ் அதைத் துடைத்தார், எண்ணெய் பூசினார், போர்வை போர்த்தினார். கறை பட்டுவிடுமாம். வீட்டில் எல்லோரும் அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேசைக்கு அடியில் பூனை இரண்டு தடவை குட்டி போட்டது. மேசைக்கு மேல் ஒரு பருக்கை விழுந்ததில்லை.

ஒரே ஒரு தடவை மட்டும் ஒரு தப்பு நடந்தது. மகள் அருள்மேரி சின்னப் பெண்ணாக இருந்தபோது, போர்வையை ஓரமாக மடித்துவிட்டு, ஒரு டம்ளர் மோரை மேசைமேல் வைத்துக் குடித்துப் பார்த்தாள். டம்ளர் வட்டமாக ஒரு தடம் போட்டுவிட்டது. ஜெபதாஸ் அவளை அடிக்கவில்லை. அவர் அடிக்கிற மனிதர் இல்லை. வாயே திறக்காமல் தேங்காயெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தடம் மறையும்வரை நாள் கணக்கில் தேய்த்தார். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு அடி வைத்திருந்தால் மறுநாளே மறந்திருப்பாள்.

இப்போது அவளைச் சிங்கப்பெருமாள் கோவிலில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. எப்போதாவது வருவாள். அடுப்பங்கரையில் அம்மாவோடு நின்றபடியே நாலு வாய் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். "அப்பா என்னைவிட மேசையத்தாம்மா பத்திரமா வளத்தாரு" என்று ஒரு தடவை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஜெபதாஸும் கூடவே சிரித்தார். அன்றைக்குச் சோறுதான் இறங்கவில்லை.

அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று ஜெபதாஸ் யாரிடமும் சொல்லவில்லை. போர்வையை ஒரு நல்ல நாளில் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார். திங்கட்கிழமை மனைவி அன்னபுஷ்பத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

"போர்வைய எடுக்கப் போறீங்களா? நெஜமாவா?" என்றாள் அவள்.

"நெஜமாதான். அந்தக் காலண்டர் படத்துல கீற மாதிரி ஜோடிக்கப் போறேன்."

காலண்டர் படத்தில் ஏதோ குளிர் தேசத்து அறுப்புப் பண்டிகை. நீளமான மேசை, கொத்துக் கொத்தாகத் திராட்சை, பெரிய ரொட்டி, மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்த இலைகள். புரட்டாசிக் கடைசியில் நம் பக்கம் எந்த மரம் சிவக்கிறது? ஜெபதாஸ் விடவில்லை. மண்டி வாசலில் ஒரு நாட்டு வாதாம் மரம் நின்றது. அதன் கீழே குனிந்து குனிந்து, சிவந்த இலையாகப் பார்த்துப் பொறுக்கினார். மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலி ஓரம் போய்ச் சுண்டைக்காயைக் கொத்தோடு பறித்தார். சொர்ணவாரிப் போகத்து நெற்கதிர் ஒரு கட்டு, ஒரு முழு பரங்கிக்காய், துலுக்கச் சாமந்தி, கேழ்வரகுக் கதிர், வாழைத்தார் எல்லாம் மேசையில் ஏறின.

அன்னபுஷ்பம் வந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, சுண்டைக்காய மேசைல கொட்டி வச்சிகினு?"

"கொட்டல. தொங்க விட்டுக்கீறேன். படத்துல பாரு, திராட்சை."

"சுண்டைக்கா எப்போ திராட்சையாச்சி?"

"தூரத்துலேந்து பாத்தா தெரியாது."

"போதகரு தூரத்துலேந்தா சாப்புடப் போறாரு?"

ஜெபதாஸ் பரங்கிக்காயை அரை விரல் இடதுபக்கம் நகர்த்தினார். பிறகு கால் விரல் வலதுபக்கம்.

"சரி. தட்டு எங்க வைக்கிறது?" என்றாள் அன்னபுஷ்பம்.

அவர் மேசையைப் பார்த்தார். தட்டு வைக்க இடமில்லை. டம்ளர் வைக்கவும் இல்லை.

"தரையில எல போட்டுடலாம்."

"போதகருக்குமா?"

"மேசையப் பாத்துகினே சாப்புடலாமே."

அன்னபுஷ்பம் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அன்பாகப் பேசினாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஒண்ணு சொல்றேன். இவ்ளோ அழகா பண்ணிட்டு நாலு சொவுத்துக்குள்ள வச்சா யாருங்க பாப்பாங்க? கோயில்ல வருஷா வருஷம் அந்தக் கால் ஆடுற பெஞ்சு மேலதான காணிக்கையப் பரப்புறோம்? நம்ம மேசைய பீடத்துக்கு முன்னால போடுங்க. ஊரே பாக்கட்டும்."

"கறை பட்டுடுமே."

"நெல்லும் பூவும் இன்னா கறை பண்ணும்? ஏலம் முடிஞ்சதும் வண்டிக்கார சின்னப்பையனக் கூப்ட்டு ஏத்திகினு வந்துடலாம்."

ஜெபதாஸ் கண்ணை மூடி யோசித்துப் பார்த்தார். ஊரே மேசையைப் பார்க்கிறது. அவர் தூணுக்குப் பின்னால் நின்று ஊரைப் பார்க்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது. சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் யாரும் பிரசங்கத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லோர் கண்ணும் மேசைமேல்தான். போதகரே "விளைச்சலைத் தந்தவர்" என்று சொல்லும்போது இரண்டு தடவை பரங்கிக்காயைப் பார்த்தார். ஜெபதாஸ் தூணுக்குப் பின்னால் நின்று, காது சிவக்க, தன் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் ஏலம். காணிக்கையாக வந்ததை எல்லாம் ஏலம் கூறுவார்கள். வேறு சாமி கும்பிடுகிறவர்களும் வந்து ஏலம் எடுப்பார்கள். பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் தணிகாசலம் ஒரு வருஷமும் தவறமாட்டார். சபைச் செயலாளர் யேசுராஜ் மேசைக்கு முன்னால் நின்று கூறினார். நெற்கட்டு போயிற்று. வாழைத்தார் போயிற்று. பரங்கிக்காயை அன்னபுஷ்பமே எடுத்தாள். சுண்டைக்காயைக் கேட்க ஆளில்லாமல் ஒரு பொடியன் தின்னப் பார்த்துத் துப்பினான். கடைசியில் மேசை வெறுமையாக நின்றது. வெளிச்சத்தில் தேக்கு மின்னியது.

ஜெபதாஸ் தூணை விட்டு வெளியே வந்து, சின்னப்பையனுக்கு ஜாடை காட்டி, மேசையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அண்ணே, இருங்க" என்றது பெண்கள் பக்கம் ஒரு குரல்.

ஜெபமணி. புருஷன் இல்லாதவள், நாலு கோழி வைத்துப் பிழைப்பவள். போன வருஷம் ஒரு பித்தளைத் தட்டில் முட்டை கொண்டுவந்து வைத்தாள். முட்டை ஏலம் போனதும் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை நிறுத்தியவர் ஜெபதாஸ்தான். கோபத்தில் இல்லை. கணக்கு கணக்காக இருக்க வேண்டும் என்பதற்காக. பீடத்துக்கு முன்னால் வைத்தது எல்லாம் காணிக்கை, பாத்திரம் உள்பட, என்று சபைக் கூட்டத்துக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்துச் சட்டமே போட வைத்துவிட்டார். அவள் தன் தட்டைத் தானே ஏலம் கேட்டு வாங்கிப்போனாள்.

"பீடத்துக்கு முன்னால வச்சது திரும்ப வூட்டுக்குப் போவக் கூடாதுன்னு சொன்னீங்களே, அண்ணே" என்றாள் ஜெபமணி. அதில் ஏளனம் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பதுபோல் இருந்தது. அதுதான் அவர் கையை மேசையிலிருந்து எடுக்க வைத்தது.

"அப்படி ஒரு சட்டம் இருக்குதா?" என்றார் போதகர்.

"இருக்குதுங்க ஐயா" என்றார் யேசுராஜ். "போட்டவரே இவருதான்."

ஜனங்கள் சிரித்தார்கள். யேசுராஜ் மேசையைத் தட்டினார். "தேக்கு மேசை ஒண்ணு! யாரு கேக்குறது?"

"இருபது ரூபா" என்றார் தணிகாசலம் வாசலில் நின்றபடி. "பாய்லர் வைக்க சரியா இருக்கும்."

பாய்லர். கரி. டீக்கறை. ஜெபதாஸின் கை தானாக மேலே போயிற்று.

"கை தூக்கினா செல்லாதுண்ணே" என்றார் யேசுராஜ். "வாயத் தொறந்து கேக்கணும். அதுவும் உங்க சட்டம்தான். முந்தா வருஷம் ஈ ஓட்டினவன் தலையில பூசணிக்காயக் கட்டினப்போ நீங்கதான போட்டீங்க?"

ஜெபதாஸ் வாயைத் திறந்தார். மண்டியில் மூட்டையின் எடையைச் சொல்லும் அதே வாய். இத்தனை முகங்களுக்கு முன்னால் அதிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"இருபது ஒரு தரம். ரெண்டு தரம்..."

"இருபத்தஞ்சி!"

அன்னபுஷ்பம் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "அக்காவே கேக்கும்போது நான் இன்னாத்துக்கு? வுட்டுட்டேன்."

மூன்று தரமும் ஆயிற்று. அன்னபுஷ்பம் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கொடுத்தாள். கசங்காமல் மடித்த நோட்டுகள், சரியாக இருபத்தைந்து ரூபாய்.

"காத்தாலயே முடிஞ்சிகினு வந்தியா?" என்றார் ஜெபதாஸ் மெதுவாக.

"பண்டிகைக்கு வெறுங்கையோடவா வருவாங்க?" என்றாள் அவள். பிறகு சின்னப்பையனைப் பார்த்து, "எம் மேசைய வண்டியில ஏத்துப்பா" என்றாள்.

மதியம் வீட்டில் அந்த மேசைமேல் போர்வையும் இல்லை, ஜோடனையும் இல்லை. நடுவில் ஒரு சொம்பில் நாலு சாமந்தி மட்டும் இருந்தது. சுற்றிலும் இலை. போதகர், யேசுராஜ், அவர் மனைவி, ஜெபமணி, தணிகாசலம், அன்னபுஷ்பம். ஆறு பேர். அப்பாவு ஆசாரியின் அளவு சரியாக இருந்தது. ஜெபதாஸுக்கு இடமில்லை. அவர் தன் வழக்கமான இடத்தில், தரையில், இலை போட்டு உட்கார்ந்தார்.

மேலே சிரிப்பும் பேச்சுமாகக் கேட்டது. மேசையைச் சுற்றி ஜனங்கள் உட்கார்ந்தால் வீடு இப்படிச் சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இந்தச் சத்தம் இல்லாமலே சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தார். பரங்கிக்காய்க் குழம்பு ஒரு கரண்டி தவறி மேசைமேல் விழும் சத்தமும் கேட்டது. ஜெபமணி பதறினாள். "இருக்கட்டும்மா" என்று அன்னபுஷ்பம் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

எல்லோரும் போனபிறகு ஜெபதாஸ் மேசையருகே வந்தார். குழம்பு விழுந்த இடத்தில் மஞ்சள் ஊறி, உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. கை பழக்கத்தில் எண்ணெயையும் துணியையும் எடுத்தது. தேய்க்கப் போனவர் நின்றார். மேசையின் இந்த ஓரத்தில்தான் அருள்மேரியின் டம்ளர் தடம் இருந்தது. குனிந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தார்.

"வைங்க அத" என்றாள் அன்னபுஷ்பம், எச்சில் இலைகளை எடுத்தபடி. "எம் மேசை. கறை அப்பிடியே இருக்கட்டும்."

அவர் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வர ஞாயித்துக்கெழம அருள்மேரி வரா. மேசை இப்போ அம்மாளுது, வந்து உக்காந்து சாப்புடுன்னு சொல்லி அனுப்பினேன். வரேன்னுட்டா. அப்பா எண்ணெத் துணியோட நிப்பாரான்னு கேட்டாளாம்."

ஜெபதாஸ் துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"யாருகிட்ட சொல்லி அனுப்பின?"

"தணிகாசலத்துகிட்ட. டீத்தூள் வாங்க அந்தப் பக்கம் போனாரு."

"அவரா? பாய்லர் வைக்க மேசை கேட்டாரே?"

"அந்தாளு கடையே இந்த மேசை அகலம்தான். பாய்லர வச்சிட்டு அவரு எங்க நிப்பாரு?"

ஜெபதாஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். மேசையின் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மேசை அம்மாளுதுன்னு எப்போ சொல்லி அனுப்பின?"

"செவ்வாக்கெழம."

செவ்வாய்க்கிழமை ஜெபதாஸ் இன்னும் சுண்டைக்காயே பறிக்கவில்லை.