புல் வெட்டும் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி மாப்பிள்ளைக்கு

மத்திகிரி,
ஓசூர்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஜெகதீஷ் அவர்களுக்கு மாமனார் கங்கப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை ரங்கம்மாவும் நலம். புல் எங்களைவிட நலம். புனேயில் நீங்களும் ரூபாவும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் மாமா கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்க வேண்டாம். போன் செய்தால் ரூபா எடுத்து, "அப்பா, அவரு மீட்டிங்ல இருக்காரு" என்று வைத்துவிடுகிறாள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம், நீங்கள் ஆசையாக அனுப்பிய, கரண்டில் ஓடும் புல் வெட்டும் மெஷின். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல மெஷின்தான், பச்சைக் கலர், நாலு சக்கரம், பின்னால் அனுமார் வால் போல ஒயர். ஆனால் நம் வீட்டு முன்னால் இருப்பது புல்தரையா மாப்பிள்ளை? இரண்டு கட்டில் போட்டால் நிரம்பிவிடும். ஜவளகிரியிலிருந்து வந்த என் பங்காளி நாராயணப்பன் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு மாட்டை அவுத்து வுட்டா மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சிரும். மாடு பாலும் குடுக்கும். இது இன்னா குடுக்கும்?" என்று கேட்டுவிட்டு, என் வீட்டுக் காபியையும் குடித்துவிட்டுப் போனான்.

சரி, ஓட்டலாம் என்றால் உங்கள் அத்தை விடவில்லை. புது மெஷினைப் பூஜை போடாமல் தொடக் கூடாதாம். ஆயுத பூஜைக்குச் சிப்காட் ஃபேக்டரியில் கோடி ரூபாய் மெஷினுக்கே பொட்டு வைக்கிறார்களே என்று என் வாயை அடைத்துவிட்டாள். கைப்பிடிக்குச் சாமந்தி மாலை, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம், மேலே மஞ்சள் தண்ணீர், புல் மேல் தேங்காய். மெஷினோடு வந்த புத்தகத்தில் ஈரப் புல்லில் ஓட்டக் கூடாது என்று படம் போட்டே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். "அது மழைத் தண்ணி. இது தீர்த்தம்" என்றாள். காயட்டும் என்று விட்டால் ஓசூர்த் தூறல் பிடித்துக்கொண்டது. உங்களுக்குத்தான் தெரியுமே, இந்தத் தூறல் வந்தால் லேசில் கிளம்பாது. புல் முழங்காலுக்கு வந்துவிட்டது.

வெயில் அடித்த செவ்வாய்க்கிழமை காலை, ஹாலிலிருந்து ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்தும் ட்ரிப் ஸ்விட்ச் ஒழுங்காக விழுகிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், ஒயரில் இரண்டு ஈரத் துண்டும் என் பனியனும் காய்கின்றன! கேட்டால், "சும்மாதான தொங்குது" என்கிறாள். அதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மெஷினைத் தள்ளினால், நாலடி போவதற்குள் மாலை சரிந்து, அதன் நார் உள்ளே போய்க் கத்தியில் சுற்றிக்கொண்டது, அதே நேரம் பார்த்துக் கரண்டும் போனது, எது எதனால் நின்றது என்று நான் யோசிப்பதற்குள் உங்கள் அத்தை குனிந்து, கத்திக்கு அடியில் கையை விட்டு நாரை இழுக்கிறாள் மாப்பிள்ளை! பிளக் மாட்டியபடியே இருக்கிறது. கரண்ட் எந்த நொடியும் வரும். என் உயிர் என்னிடம் இல்லை. "அறிவு கெட்டவளே, கைய எடுடீ!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுச் சாந்தம்மா "ஏனாயித்து, ஏனாயித்து" என்று கன்னடத்தில் பதறிக்கொண்டு ஓடிவந்தார். இவள் கையை எடுத்தாள், நிமிர்ந்தாள், கரண்ட் வந்தது. மெஷின் உறுமிக்கொண்டு பாய்ந்து, மூன்று பேர் தலையிலும் சாமந்திப்பூவைத் தூவியது.

இதில் என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்கள். அவள் தெரு முழுக்கச் சொல்வது இதுதான்: "கைப்பிடிய ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சிக்கினே என்னைத் திட்றாரு. அவரு கைய வுட்டிருந்தா கரண்டு வந்தாலும் அது ஓடியிருக்காது இல்ல?" மாப்பிள்ளை, நான் ரிட்டயர் ஆகும்வரை இரும்புத் தகடு அமுக்கி வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன். அங்கே இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் விரல் பத்திரம். பயம் வந்தால் என் கை தானாக இறுக்கிப் பிடிக்கும். பத்து விரலையும் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்த பழக்கம் அது. அதைப் போய்க் குற்றம் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. களி வருகிறது, கீரைக் குழம்பு வருகிறது, பேச்சு வரவில்லை. உப்பு கேட்டால் டப்பா மட்டும் வந்து நிற்கிறது. அவள் சத்தமில்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை மாப்பிள்ளை, இதை வெளியே சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. மெஷினைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றால், "மாப்ள ஆசையா அனுப்புனது" என்று என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். ஆகவே நீங்களே அத்தைக்குப் போன் செய்து, மெஷினில் ஏதோ கோளாறு, கம்பெனிக்காரன் திரும்பக் கேட்கிறான் என்று ஒரு பொய்யைச் சொல்லி, இதை எடுத்துப்போக ஆள் அனுப்ப வேண்டும். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

நீங்களும் ரூபாவும் நோய்நொடி இல்லாமல், புல் முளைக்காத வீட்டில் நெடுநாள் வாழ மலைமேல் இருக்கும் சந்திர சூடேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
கங்கப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் மெஷின் சத்தம் கேட்டு ஓடினேன். உங்கள் அத்தைதான்! என் ஃபேக்டரி ஷூவை மாட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, ஒயரைத் தோள்மேல் போட்டு, ஜன்னல் பக்கமிருந்து ஆரம்பித்து, ஒயர் பின்னாலேயே கிடக்கும்படி தள்ளிக்கொண்டு போகிறாள். நடுவில் புல் அடைத்தது. கைப்பிடியை விட்டாள், ஜன்னல்வரை நடந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினாள், கத்தி நிற்கும்வரை பொறுத்தாள், அதற்கப்புறம்தான் குனிந்தாள். பிரஸ் ஷாப்பில்கூட நான் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. பாதிப் புல் முடிந்ததும் திரும்பி, "பாத்துக்கினே நிக்கிறீங்களே, வந்து ஒயரைப் புடிங்க" என்றாள். சாந்தம்மா அங்கே இல்லை, வேறு யாரும் இல்லை. என்னிடம்தான் சொன்னாள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆள் அனுப்பிவிடாதீர்கள், அத்தைக்குப் போனும் செய்துவிடாதீர்கள். ஸ்டாம்ப் ஒட்டிவிட்ட பாவத்துக்காகத்தான் இதைத் தபாலில் போடுகிறேன். அவள் மறுபடியும் கூப்பிடுகிறாள், நான் போகிறேன்.